தாகம் தீர்ந்த பிறகு

போன ஏப்ரலில் ஒரு மதியம். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை, படியேறி வந்திருந்தார். ஓடிபி எண்ணைச் சொன்னேன். போனில் தட்டிவிட்டுத் திரும்பியவர், இரண்டு படி இறங்கி நின்று, "சார், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார்.

"ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனேன். சமையலறை அலமாரியில் எட்டு எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. என் கை அவற்றைத் தாண்டிப் போய், பையனின் பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமான பேப்பர் கப்புகளில் ஒன்றை உருவியது. கேன் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான்காவது கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "போதும் சார், தேங்க்ஸ்" என்றார். காலி கப்பை எங்கே போடுவது என்று சுற்றிப் பார்த்தார். "குடுங்க, நான் போட்டுடறேன்" என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கசக்கிப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே வந்ததும் மனைவி கேட்டாள்: "ஏன், டம்ளர் எல்லாம் எங்க போச்சு?"

"பேப்பர் கப்புன்னா சுத்தம்ல. அவருக்கும் சங்கடம் இல்ல, நமக்கும் சங்கடம் இல்ல."

அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

நான் சொன்ன பதில் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கை டம்ளர்களைத் தாண்டிப் போனபோது நான் சுத்தத்தைப் பற்றி நினைக்கவில்லை. எதைப் பற்றியும் நினைக்கவில்லை. காரணம் பிறகுதான் வந்தது. நினைக்காமலே போன அந்தக் கை இதை எங்கே படித்தது என்ற கேள்வி அன்றிலிருந்து கூடவே வருகிறது. தாகம் என்கிற, தினமும் நாலு தடவை சொல்லித் தீர்க்கிற ஒரு சாதாரணச் சொல்லை நான் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

*

தாகம் வடமொழியின் 'தாஹ' என்பதிலிருந்து வந்த சொல். அதற்கு எரிதல் என்று பொருள். தகனம் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். தண்ணீர் கேட்கிறவன் உண்மையில் 'எரிகிறது' என்றுதான் சொல்கிறான். தமிழில் அதற்கு முன்பே வேட்கை இருந்தது, விடாய் இருந்தது. வேட்கை நீருக்கும் பொருந்தும், காதலுக்கும் பொருந்தும். மணிமேகலை, பிறவித் துன்பத்தின் பன்னிரண்டு கண்ணிகளைச் சொல்லும்போது அவற்றில் ஒன்றாக வேட்கையை வைக்கிறது. பாலி மொழியில் அந்தக் கண்ணியின் பெயர் தண்ஹா. அதன் நேர்ப்பொருளும் தாகம்தான்.

எங்கள் கடலூர்ப் பக்கத்தில் "தண்ணி தவிக்குது" என்போம். கொஞ்சம் நின்று பார்த்தால் வேடிக்கையான வாக்கியம். தவிப்பது நான்; ஆனால் வாக்கியத்தில் தவிப்பது தண்ணீர். "எனக்குத் தாகமா இருக்கு" என்பதிலும் நான் எழுவாய் இல்லை. பசிக்கிறது, வலிக்கிறது, குளிர்கிறது என்பதைப் போல அது 'எனக்கு' நேர்கிறது. நான் செய்கிற காரியம் இல்லை என்பதால் அதற்கு என்னைக் குறை சொல்லவும் முடியாது. சோம்பேறிக்குத் தாகம் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. கொலைக் கைதிக்கும் தண்ணீர் உண்டு. ஒருவன் யார், எப்படிப்பட்டவன் என்ற கணக்குக்கு வெளியே நிற்கிற கோரிக்கை அது.

அந்த அவசரத்துக்காகத்தான் மற்ற ஆசைகள் எல்லாம் இந்தச் சொல்லைக் கடன் வாங்குகின்றன. அறிவுத் தாகம், கலைத் தாகம், பதவித் தாகம், ரத்த தாகம். சுதந்திரத்தோடு தாகத்தைச் சேர்த்துத் தமிழில் நிலைக்க வைத்தவர் பாரதி. 1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரியிலிருந்து பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகி, கடலூரில்தான் சிறையிருந்தார். டிசம்பர் நடுவில் விடுதலை. கேலிக்கும் இந்தச் சொல் உதவுகிறது. சாயங்காலம் மதுக்கடைக்குப் போவதை "தாகசாந்தி" என்கிறோம். 'தண்ணி' என்ற சொல்லே பாதி அங்கே போய்விட்டது. "அவரு தண்ணி போடுவாரு" என்றால் யாரும் செடிக்குப் போடுவதாக நினைப்பதில்லை.

ஆனால் இந்தக் கடனில் ஒரு மோசடி இருக்கிறது. உருவகங்கள் தாகத்தின் அவசரத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, அதன் அளவை விட்டுவிடுகின்றன. பதவித் தாகம் பதவி கிடைத்தாலும் தீராது. ரத்த தாகம் தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நிஜமான தாகத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் போதும். இரண்டாவது சொம்பை நீட்டினால் "போதும்" என்று கை காட்டிவிடுவோம். மனிதனின் ஆசைகளில் இவ்வளவு அடக்கமானது வேறு இல்லை. தீராத ஆசைக்கெல்லாம் தாகம் என்று பெயர் வைத்தது தாகத்துக்குச் செய்த அநியாயம்.

*

சீக்கிரம் தீர்கிறது என்பதிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதைச் சொல்ல உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ரத்தத்தின் உப்புச் செறிவு 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே மூளை தாகத்தை எழுப்பிவிடுகிறது. அதற்கு மேல் வேறு வேலை ஓடாது. தண்ணீர் குடித்த ஓரிரு நிமிடத்தில் தாகம் அடங்கியும் விடுகிறது. ஆனால் குடித்த நீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தம் சமநிலைக்கு வர 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை மூளை காத்திருப்பதில்லை. வாயும் தொண்டையும் எவ்வளவு விழுங்கின என்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டு, 'ஆச்சு' என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. நாங்கள் எழுதுகிற செயலிகளிலும் இப்படி ஒரு வித்தை உண்டு. சர்வரிலிருந்து பதில் வருவதற்கு முன்பே 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் காட்டிவிடுவோம். பயனர் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

நாமும் அப்படித்தான் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நேற்று மதியம் எடுத்த தாகத்தை இன்றைக்கு நினைவுபடுத்திப் பாருங்கள். 'எடுத்தது' என்ற தகவல் இருக்கும், அந்த எரிச்சல் இருக்காது. பத்து வருஷத்துக்கு முந்தைய அவமானம் இன்றும் காதைச் சுட வைக்கும். பத்து நிமிடத்துக்கு முந்தைய தாகம் எதையும் செய்யாது. உடம்பு தாகத்தை வரவு வைத்த வேகத்தில் அழித்தும் விடுகிறது.

இது உடம்புக்கு நல்லது. மனிதர்களுக்கிடையில் நல்லதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது எங்கள் ஆயாவால்.

*

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டினால் புதுச்சத்திரம் வரும். வழிப்போக்கர்கள் தங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன சத்திரத்தின் பெயரை ஊருக்கே வைத்துக்கொண்ட இடம். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் உள்ளே போனால் ஆயாவின் ஊர். எங்கள் பக்கத்தில் ஆயாவை "வந்துச்சு, சொல்லுச்சு" என்றுதான் பேசுவோம். அது மரியாதைக் குறைவு இல்லை, ஒட்டுதல். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

மாசி பிறந்தால் ஆயா திண்ணையில் ஒரு மண்பானை வைக்கும். அடியில் மணல் பரப்பி, மேலே ஈரத்துணி சுற்றி, மூடிமேல் ஒரு டம்ளர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் குடிப்பார்கள். "தண்ணின்னு வாய் தொறந்து கேட்டவனை யாருன்னு கேக்கக் கூடாதுடா. கேட்டா அந்தத் தாகம் நம்மளப் புடிச்சிக்கும்" என்று சொல்லும். அதைச் சாபத்தைப் போல நம்பியது.

தென்னை மரம் ஏற ஒருவர் காலனியிலிருந்து வருவார். என் தாத்தா வயது இருக்கும். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். காய் போட்டு முடித்ததும் அவர் திண்ணைக்கு வர மாட்டார். கொல்லைப்பக்கம் போய் நின்று, "தண்ணி கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்பார். ஆயா சொம்போடு போகும். அவர் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொள்வார். ஆயா மேலிருந்து ஊற்றும். முழங்கை வழியாகப் பாதித் தண்ணீர் மண்ணில் போகும். போதும் என்று சொல்ல வாய் திறக்க முடியாது என்பதால் தலையை அசைப்பார். ஆயா நிறுத்தும். 'இல்லை' என்று ஆயா ஒருநாளும் சொன்னதில்லை. மோர் இருந்தால் மோரும் ஊற்றும்.

சின்ன வயதில் இதில் எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வீட்டில் நாங்களும் வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். அண்ணாந்துதான் குடிக்க வேண்டும், எச்சில் படக்கூடாது. கல்லூரிக்குப் போன பிறகு ஒருமுறை ஆயாவிடம் வாதம் செய்தேன். "நாம எல்லாருந்தான் தூக்கிக் குடிக்கிறோம். அவரும் அப்படித்தான் குடிக்கிறாரு. இதுல என்னடா உனக்கு?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே வழக்கம் போலத்தான் இருந்தது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் பிடிபட்டது. அவர் "குடுங்க" என்று கேட்கவில்லை, "ஊத்துங்க" என்று கேட்டார். நாங்கள் அண்ணாந்து குடித்தபோது சொம்பு எங்கள் கையில் இருந்தது. எவ்வளவு சாய்ப்பது, எப்போது நிறுத்துவது, நின்றுகொண்டா உட்கார்ந்துகொண்டா என்பதெல்லாம் எங்கள் முடிவு. அவருக்கு அது ஆயாவின் கையில். ஆயா அவருக்குத் தண்ணீரைக் கொடுத்தது, சொம்பைக் கொடுக்கவில்லை. தாகத்தை மதித்தது, தாகம் எடுத்தவரை மதிக்கவில்லை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்யாமலிருக்க முடியும் என்பதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. 'யாரென்று கேட்காதே' என்ற ஆயாவின் விதி பொய்யில்லை. கேட்காமலே தெரிந்திருந்ததால் கேட்க வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை.

*

ஆயா ஊருக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் சிதம்பரம். நான் பொறியியல் படித்த ஊர். அந்த ஊர் இந்த வித்தியாசத்தின் பெரிய கதையை வைத்திருக்கிறது.

சேக்கிழார் சொல்லும் நந்தனாருக்குத் தில்லை நடராசரைப் பார்க்க வேண்டும். நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிப் போட்டதால் திருநாளைப்போவார் என்றே பெயர் ஆகிறது. அது தாகம்தான், வேறு பெயர் அதற்குப் பொருந்தாது. கடைசியில் தில்லை எல்லைக்கு வந்து சேர்கிறார். உள்ளே போக முடியாது. இறைவன் கனவில் வந்து, தீயில் மூழ்கி எழுந்து வா என்கிறார். அந்தணர்களும் கனவில் ஆணை பெற்றுத் தீ வளர்க்கிறார்கள். நந்தனார் அதில் புகுந்து, முனிவர் உருவத்தில் வெளியே வந்து, கோயிலுக்குள் போய் மறைகிறார். தண்ணீர் கேட்டவருக்குத் தீ கிடைத்தது. தாகமும் தகனமும் ஒரே வேர் என்று முதலில் படித்தபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது. அவருடைய தாகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தத் தாகத்தைச் சுமந்து வந்த உடம்பு ஏற்றுக்கொள்ளப்படவில்லை. சுவாமி சகஜானந்தா 1916-இல் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளி நடத்தினார். நந்தனார் உள்ளே வர உருமாற வேண்டியதில்லை என்பதற்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், சீவகாருணியத்தைப் பற்றி எழுதும்போது உயிர்களின் துன்பங்களைப் பட்டியல் போடுகிறார். பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. ஏழில் தாகம் உண்டு. ஆனால் பசியையும் கொலையையும்தான் அவர் முதலில் வைக்கிறார். வடலூரில் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவரிடம் தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காதே என்பது அவர் விதி. கிட்டத்தட்ட ஆயா சொன்னதேதான். ஆனால் வடலூரில் வரிசையாக உட்கார வைத்து இலை போடுகிறார்கள். உட்கார்ந்தவனுக்கு இலை சொந்தம். எதை முதலில் தொடுவது, எப்போது எழுந்திருப்பது என்பது அவன் கையில். ஆயாவின் விதி கொல்லைப்பக்கத்தோடு நின்றுவிட்டது. வள்ளலாரின் விதி பந்தி வரைக்கும் போனது.

*

இப்போது எனக்குக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. புத்தாண்டு விடுமுறைக்கு நான் ஆயா வீட்டில் இருந்தேன். விடிந்து கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை, மரம்தான் தெரிந்தது. மின்கம்பங்கள் முறிந்து கம்பிகளோடு வயலில் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே ராத்திரியில் போயிருந்தன.

முதல் இரண்டு நாள் தண்ணீர்ப் பஞ்சம் தெரியவில்லை. விழுந்த தென்னையிலெல்லாம் இளநீர். மூன்றாம் நாள்தான் உறைத்தது. கிணற்றை எப்போதோ மூடிவிட்டு போர் போட்டிருந்தோம். மோட்டாருக்கு கரண்ட் இல்லை. தெரு டேங்கில் ஏற்றவும் கரண்ட் இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் எங்கள் தெரு அடிபம்பைப் பிடுங்கிவிட்டார்கள். காலனியில் மட்டும் பிடுங்கவில்லை, ஏனென்றால் அங்கே குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்ததே இல்லை. அந்தப் புறக்கணிப்பில் மிஞ்சிய அடிபம்புதான் அன்றைக்குச் சுற்று வட்டாரத்துக்கே தண்ணீர் கொடுத்தது.

ஆயா இரண்டு குடத்தை எடுத்து என்னிடம் கொடுத்தது. எங்கே போ என்று சொல்லவில்லை. சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். வரிசை நீளமாக இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மரம் ஏறுபவரின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வந்தார். "ஆயாவுக்கா? கால் வலியோட எப்படி இருக்காங்க?" என்று கேட்டுக் குடத்தை வாங்கினார். அடித்து நிரப்பினார். வெயிலில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டப் போனவர், பாதியில் கையை நிறுத்திக் கேட்டார்:

"எங்க சொம்புல குடிப்பீங்களா தம்பி?"

வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் லேசான இரும்பு வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. நான் அண்ணாந்து குடித்தேன். பிறந்ததிலிருந்து வந்த பழக்கமா, வேறு ஏதாவதா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கரண்ட் வர 16 நாள் ஆயிற்று. 16 நாளும் ஆயா அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தேன்.

கரண்ட் வந்து மோட்டார் ஓடிய அடுத்த வாரம், விழுந்த தென்னைகளைத் துண்டு போட அவர் வந்தார். மதியம் கொல்லைப்பக்கம் நின்று, "தண்ணி கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றார். ஆயா சொம்போடு போனது. அவர் குனிந்து கையைக் குவித்தார். ஆயா ஊற்றியது.

நான் கிணற்று மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் அவர் வீட்டுச் சொம்பில் குடித்தவன் நான். எழுந்து போய் ஆயா கையிலிருந்து சொம்பை வாங்கி அவரிடம் நீட்டியிருக்கலாம். ஐந்து அடி தூரம். எனக்கு அப்போது தாகம் இல்லை. அதைத் தவிர வேறு காரணம் எதுவும் என்னால் சொல்ல முடியவில்லை.

*

கஷ்டம் மனிதர்களைச் சமமாக்கிவிடும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புயலுக்கும் பிறகு பத்திரிகைகள் அப்படி எழுதுகின்றன. தாகம் சமமாக்கத்தான் செய்கிறது. ஆனால் தாகம் இருக்கும்வரைதான். ஆயாவைத் திருத்தத் தாகத்தால் முடியவில்லை, ஏனென்றால் தீர்ந்த தாகத்துக்கு ஞாபகம் கிடையாது. தாகத்தில் தெரிந்துகொண்டதைத் தாகம் தீர்ந்த பிறகும் வைத்துக்கொள்ள வேண்டுமானால் உடம்பை நம்பிப் பயனில்லை; வேறு எங்காவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒழுக்கம் என்று நாம் சொல்வது அந்தக் குறிப்புப் புத்தகம்தான் என்று எனக்குப் படுகிறது.

பௌத்தக் கதை ஒன்று இதை எழுதி வைத்திருக்கிறது. புத்தரின் சீடர் ஆனந்தர் வழியில் தாகம் எடுத்து, கிணற்றில் நீர் இறைக்கும் ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். தான் மாதங்கர் குலம் என்று அவள் தயங்குகிறாள். தண்ணீரைத்தான் கேட்டேன், குலத்தைக் கேட்கவில்லை என்கிறார் அவர். குமாரன் ஆசான் 1922-இல் இதை மலையாளத்தில் 'சண்டாலபிட்சுகி' ஆக்கினார்; தாகூர் 1933-இல் 'சண்டாலிகா' ஆக்கினார். அந்தப் பெண் ஆனந்தரை மறக்க முடியாமல் போவது கதையின் மீதி. பல வருஷம் அதைக் காதல் கதை என்று நினைத்திருந்தேன். அடிபம்படியில் நின்ற பிறகு வேறு மாதிரி புரிந்தது. 'குடிப்பீங்களா' என்று கேட்க வேண்டிய நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் தரும் நீரை வாங்கிக் குடிப்பது ஒரு பெரிய காரியமாகிவிடுகிறது பாருங்கள், அதுதான் அந்தக் கதையின் துக்கம்.

ஆனால் அந்தக் கதையிலும் தாகம் எடுத்தது ஆனந்தருக்கு. மேலே இருப்பவருக்குத் தாகம் எடுத்தால்தான் கீழே இருப்பவரின் கை சுத்தமாகிறது. தானே புயலில் நடந்ததும் அதுவே. அம்பேத்கர் அந்த ஏற்பாட்டை நம்பவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாட் ஊரின் சவதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய், இறங்கி, தானே நீரை அள்ளிக் குடித்தார். குளம் பிறகு 'சுத்தி' செய்யப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அதே ஊரில் பேசியபோது, இந்தத் தண்ணீரைக் குடிக்காமல் இத்தனை நாள் நாம் செத்துப் போய்விடவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிறுவவே குளத்துக்குப் போகிறோம் என்ற பொருளில் சொன்னார். தாகத்தை அவர் ஒரு வாதமாக வைக்கவே இல்லை. தாகத்தைக் காட்டிக் கேட்டால் ஊற்றுவார்கள். அவர் கேட்டது சொம்பை.

கிணறு, குளம், படித்துறை எதையும் பயன்படுத்துவதில் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தாகம் இல்லாத நேரத்தில் நாடு எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு அது. குறிப்பு இருந்தும் 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கிடந்தது.

*

கடைசி வருஷத்தில் ஆயாவுக்குத் தாகமே எடுக்கவில்லை. வயதானால் தாக உணர்வு மங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். உடம்புக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் கேட்கத் தெரியாது. மணிக்கு ஒரு தடவை யாராவது ஸ்பூனால் கொடுக்க வேண்டும். அம்மா கொடுப்பாள், பார்த்துக்கொள்ள வந்த பெண் கொடுப்பாள், நான் போனால் நான் கொடுப்பேன். ஆயா கண்ணைத் திறக்காமல் விழுங்கும். யார் கை என்று கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சொன்ன விதியை முழுசாகக் கடைப்பிடித்தது அப்போதுதான். அதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. சொம்பு தன் கையில் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பேப்பர் கப் அன்று என் கை போன வழி இப்போது தெரிகிறது. நான் யாரிடமும் சாதி கேட்பதில்லை, அந்த டெலிவரிக்காரரின் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் 'வாங்கிக்கொண்டு போ, திரும்ப என்னிடம் வராத பாத்திரத்தில் குடி' என்று என் கை சொன்னது. ஆயாவுடையது கொல்லைப்பக்கம், என்னுடையது பேப்பர் கப். இத்தனைக்கும் நான் குடிக்கிற தண்ணீர் எத்தனை கை மாறி வருகிறது என்று எனக்குத் தெரியாது. 2004 முதல் வீராணம் ஏரி நீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி சென்னைக்கு வருகிறது. என் மாவட்டத்துத் தண்ணீர். அதைத் திறந்துவிடுபவர், குழாய் உடைந்தால் பள்ளத்தில் இறங்குபவர், எங்கள் வீட்டுக் கேனைத் தோளில் சுமந்து வருபவர் யாருடைய கையும் எனக்குப் பிரச்சினை இல்லை. தண்ணீர் விஷயத்தில் நாம் எல்லாரும் தாராளமானவர்கள். பாத்திரத்தில்தான் கணக்கு வந்துவிடுகிறது.

ஜூனில் மறுபடி ஒரு பார்சல் வந்தது. வேறு ஒருவர், சின்னப் பையன். அவன் கேட்கவில்லை. வியர்வையைப் பார்த்து நானே கேட்டேன்: "தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?" தலையாட்டினான். இந்த முறை யோசித்துத்தான் எடுத்தேன், ஆயா வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் சொம்பு. நிறையப் பிடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, பார்க்காத மாதிரி பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அவன் அண்ணாந்து குடித்தான். மெதுவாக, கவனமாக, ஒரு சொட்டு சட்டையில் சிந்தாமல். முடித்ததும் சொம்பின் விளிம்பைப் புறங்கையால் ஒருமுறை துடைத்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"வாய் வெக்கல சார்" என்றான்.

வெச்சாலும் பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். 'பரவாயில்லை' என்ற சொல் தொண்டையில் நின்றுவிட்டது. யார் யாரிடம் சொல்கிற சொல் அது?

அவன் படியிறங்கிப் போய்விட்டான். சொம்பு கொஞ்ச நேரம் என் கையிலேயே இருந்தது.